பெஞ்சில்கூட பக்கத்தில் உட்காராத சக மாணவர்கள்... வெள்ளத்துக்குக் கணக்கு எழுதிய சான் வெனான் யார்?

மழை கொட்டினால் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும்? இன்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கின் வேர் 1871-ல் பிரான்ஸில் இருக்கிறது. அதை எழுதியவர், 16 வயதில் படையை விட்டு ஓடியவர் என்று முத்திரை குத்தப்பட்டவர்.

அதேமார் பாரே த சான் வெனான், 1797-ல் பிறந்தார். 1813-ல் பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்தார். மறு ஆண்டே எதிரிப் படைகள் பாரிஸை நெருங்க, மாணவர்களையும் போருக்கு அழைத்தார்கள். சான் வெனான் வரிசையை விட்டு வெளியே வந்து நின்றார். ஆட்சியைப் பறித்துக்கொண்ட நெப்போலியனுக்காகச் சண்டை போட மனசாட்சி விடவில்லை என்றார். அத்தோடு படிப்பு போச்சு.

பிறகு சில ஆண்டுகள் அரசின் வெடிமருந்துத் துறையில் வேலை. 1823-ல் பாலம், சாலைப் பொறியாளர்களுக்கான கல்லூரியில் நுழைவுத் தேர்வு இல்லாமல் இடம் கிடைத்தது. ஆனால், பழைய கதையை யாரும் மறக்கவில்லை. 2 ஆண்டுகள் சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை, ஒரே பெஞ்சில் உட்காரவும் இல்லை. அவரோ வகுப்பில் முதல் மாணவராக வெளியே வந்தார்!

கால்வாய் வேலை, பாடம் நடத்துவது, ஆராய்ச்சி என்று வாழ்க்கை நகர்ந்தது. 1843-ல், பாகுத்தன்மை உள்ள திரவம் எப்படி ஓடும் என்ற சமன்பாட்டைச் சரியாக நிறுவினார். ஸ்டோக்ஸ் அதைச் செய்தது 2 ஆண்டு கழித்து. பெயர் என்னவோ நேவியர்-ஸ்டோக்ஸ் என்றே நிலைத்துவிட்டது.

74 வயதை நெருங்கும்போதுதான் ஆற்று வெள்ளம் பற்றிய கட்டுரை வந்தது. அதில் இரண்டு சமன்பாடுகள். முதலாவது, வரவு செலவு கணக்கு: ஆற்றின் ஒரு பகுதிக்குள் வரும் தண்ணீர் வெளியேறும் தண்ணீரைவிட அதிகமானால் மட்டம் உயரும். இரண்டாவது, தண்ணீரின் வேகத்தை எது மாற்றுகிறது என்பது: தரையின் சரிவு, மட்ட வித்தியாசம், அடித்தரையின் உராய்வு.

கேட்க எளிது. ஆனால் நிஜமான ஒரு ஆற்றுக்கு இதைப் பேப்பரில் தீர்க்க முடியாது. 1886-ல் அவர் இறந்தபோது கம்ப்யூட்டரே கிடையாது. 1950-களில்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் யூனிவாக் கணினியில் ஒஹையோ ஆற்று வெள்ளத்தைக் கணக்கிட்டார்கள்.

நகரம் இன்னும் சிக்கல். ஆற்றில் தண்ணீர் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். தெருவில் நாலா பக்கமும் திரும்பும். அதனால் சமன்பாட்டை இரு திசைகளுக்கும் விரித்து, ஊரைச் சின்னச் சின்ன கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். கட்டம் 10 மீட்டர் என்றால் 3 மீட்டர் சந்து மேப்பில் காணாமல் போய்விடும். சரி, கட்டத்தின் அளவைப் பாதியாக்கலாமா? கட்டங்கள் 4 மடங்காகும், நேர இடைவெளியும் பாதியாகும். கணக்கு வேலை சுமார் 8 மடங்கு!

செங்குத்தான மலைச்சரிவில் இன்னொரு சிக்கல். சரிவு குறைவாக இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் சான் வெனான் கணக்கு எழுதினார். அருவிபோல விழும் இடத்தில் அது அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், தரை மட்டத் தகவல். மேப்பில் ஒரு காம்பவுண்ட் சுவர் விடுபட்டால், கம்ப்யூட்டரில் தண்ணீர் அந்தச் சுவரைத் தாண்டி அடுத்த தெருவுக்குள் போய்விடும்.