மாட்டு வண்டியில் வந்த கேமரா



நம்ம யூனியன் மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னார்கள். காந்தி, காமராசர், கலாம் எல்லாரையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு போட்டோகிராபரைப் பிடித்துக்கொண்டேன். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்! போட்டோ உலகில் புகழ்பெற்ற பெயர். 1902-ல் இறந்த அவருக்காக 2015-ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் தனிக் கண்காட்சியே நடந்தது. அவர் படம் எடுத்த ஊர்களில் ஒன்று நம்ம மதுரை!

ஏன் இவர்? அதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்லணும். எங்க குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா நத்தத்தில் சட்டைக்குக் காலர் தைக்கிறார். எனக்குப் போட்டோ பைத்தியம். ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் பழைய கேமராவைக் கொடுத்து வைத்திருக்கிறார். மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதை அதில் எடுத்தேன். அத்தனையும் கலங்கல்! கேமராதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். புதுசு வாங்கணும் என்று வீட்டில் சொன்னதும், கூரை மாற்றுவதற்காகச் சீட்டுப் போட்ட பணத்தை எடுத்துக்கோ என்று அம்மா சொல்லிட்டார். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்போது படித்ததுதான் ட்ரைப்பின் வாழ்க்கை.

ட்ரைப் 1822-ல் இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற ஊரில், 12 பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தார். 1839-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் ஊருக்குப் போனபோதுதான் போட்டோ பிடிக்கக் கற்றார். தொழிலுக்காக அல்ல, நம்மைப் போல ஆசைக்காக! 1854-ல் பெங்களூர் திரும்பி, ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855 சென்னைக் கண்காட்சியில் அவற்றுக்கு முதல்தரப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு அவரையும் அனுப்பினார்கள். பிறகு சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர் ஆனார்.

இப்போது கேமரா விஷயத்துக்கு வருவோம். அவர் கேமராவின் நெகட்டிவ் சுமார் 12-க்கு 15 அங்குலம். அன்று படத்தைப் பெரிதாக்குவது நடைமுறையில் இல்லை. நெகட்டிவ் எவ்வளவோ அவ்வளவுதான் படம். பெரிய படம் வேணுமா, பெரிய பெட்டியைச் சுமக்கணும்! அதைவிடப் பெரிய கேள்வி, எந்த நெகட்டிவ்? 1851-ல் கண்ணாடி நெகட்டிவ் புதுசாக வந்திருந்தது. படம் துல்லியமாக விழும், சீக்கிரமும் விழும். ஆனால் மருந்தின் ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாகணும். நம்ம ஊர் வெயிலில் அது நிற்குமா? கண்ணாடி கனம் வேறு, உடையவும் செய்யும். மெழுகு ஏற்றிய தாள் நெகட்டிவ் மெதுவானது. ஆனால் முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம், படம் எடுத்துவிட்டு அப்புறமாகவும் கழுவலாம்.

ட்ரைப் கண்ணாடியும் செய்து பார்த்தவர்தான். இருந்தும் 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் சாமான் ஏற்றித் தெற்கே கிளம்பியபோது, பெரும்பாலும் மெழுகுத் தாளையே நம்பினார். 1858-ல் மதுரையில் திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம், புதுமண்டபம் எல்லாம் எடுத்தார். நாம் துணி எடுக்கப் போகிறோமே விளக்குத்தூண், அதையும் விடவில்லை! தாளில் வானம் சரியாக விழாத குறைக்கு, நெகட்டிவிலேயே மேகத்தை வரைந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு வரிசையைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்.

அவர் படங்களில் தெருவெல்லாம் வெறிச்சென்று இருக்கும். ஜனம் இல்லாமலா? ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். நடப்பவர்கள் பதியவே மாட்டார்கள்! இதைப் படித்ததும் எனக்குச் சுரீர் என்றது. என் கழுமரமும் இதே கதைதானே? மாலை வெளிச்சத்தில் ஷட்டரை 30-ல் ஒரு விநாடியில் வைத்துவிட்டுக் கேமராவைத் திட்டினேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டி, 500-ல் ஒரு விநாடி வைத்து, திரும்புகிற பஸ்ஸை எடுத்தேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனால் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிந்தது!

ட்ரைப்பின் கதை சந்தோஷமாக முடியவில்லை. செலவு அதிகம் என்று கவர்னர் ட்ரெவெல்யன் நிறுத்தச் சொல்ல, 1860-ல் அந்த வேலை மூடப்பட்டது. அதன்பிறகு அவர் மிகக் குறைவாகவே படம் எடுத்தார். பணம் தடுத்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் ஒன்று பாருங்கள்! அவரிடம் உதவியாளராக வேலை பழகிய நம்மவர் ஐயாசாமி, பிறகு சென்னைக் கலைப் பள்ளிப் பக்கம் படம் எடுப்பவராக வளர்ந்தார். கேமரா போனாலும் கற்ற கை போகவில்லை.

சீட்டுப் பணம் கூரைக்கே போயிற்று. இந்த மழைக்கு வீடு ஒழுகவில்லை. ரெண்டு வாரம் கல்யாண வீட்டில் லைட் பிடித்த கூலியில் ஒரு பழைய ஸ்டாண்டு மட்டும் வாங்கினேன். புதுக் கேமரா ஆசை போய்விட்டதா? இல்லை! வேலைக்குப் போய் என் சம்பளத்தில் வாங்குவேன். அதுவரை கையில் இருப்பதை முழுசாகக் கற்றுக்கொள்வோம் நண்பர்களே. அடுத்த மாசியில் கழுமரம் என் படத்தில் கலங்காது!