பதினோராவது கேள்வி

பிரான்சில் வாழும் எம்மவரின் பச்சை நிற விற்றால் அட்டையில் ஒரு நீண்ட இலக்கம் இருக்கும். ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 எனத் தொடங்கும். பிறந்த ஆண்டும் மாதமும் அடுத்து வரும். வெளிநாட்டில் பிறந்த எமக்கு அதன் பின் 99. வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் காட்டுகிறோம், ஆனால் இதை வகுத்தவர் யாரென்று கேட்டதில்லை.

அவர் ரெனே கார்மீய். 1886இல் பிறந்தவர், பிரெஞ்சு இராணுவத்தின் கணக்காய்வு அதிகாரி, துளையிட்ட அட்டைகளை இயந்திரத்தால் வகைப்படுத்துவதில் வல்லவர். 1940இல் பிரான்ஸ் தோற்றபின் விஷி அரசின் கீழ் குடிசனப் பதிவுத் திணைக்களமொன்றை அமைத்தார். ஜேர்மனியரின் கண்ணில் படாமல் மீண்டும் ஒரு படையைத் திரட்ட ஆட்களின் விபரம் வேண்டும் என்பதே உள்நோக்கம். அந்த இலக்கம் பிறந்தது அதற்காகத்தான்.

1941இல் அவரது திணைக்களம் நடத்திய கணக்கெடுப்பின் பதினோராவது கேள்வி, நீர் யூதரா என்பது. வாக்காளர் இடாப்போடு வீடு தேடி வந்தவர்களை 1983 யூலையில் கண்ட எமக்கு, அப்படியொரு கேள்வியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. அந்த விடைகளுக்கு அட்டைகளில் துளையே விழாதபடி கார்மீய் பார்த்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. வரலாற்றாசிரியர்கள் இதில் ஒத்துப்போகவில்லை. கேள்வி அவருடைய படிவத்தில்தான் இருந்தது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

இன்று பலர் அவரை முதல் நல்ல ஹக்கர் என்கிறார்கள். அவர் காலத்தில் அந்தச் சொல்லுக்கு இந்தப் பொருளே இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. மாணவர்கள், விளையாட்டு ரயில் பாதையின் மின்சுற்றுகளைக் கெட்டித்தனமாக மாற்றியமைப்பதை அப்படி அழைத்தார்கள். 1980களில் பத்திரிகைகள் அதைக் கணினித் திருடனின் பெயராக்கின. பிள்ளை ஹக்கராகப் போகிறேன் என்றால் நாம் பதறுவது அதனால்தான். இயந்திரத்தை அதன் எசமானுக்கு எதிராகவே திருப்பிய ஒருவருக்கு அந்தப் பெயர் பொருந்தும் என்றே எமக்குப் படுகிறது.

மார்கோ போலோ என்ற எதிர்ப்பு வலையமைப்பிலும் கார்மீய் இருந்தார். 1944 பெப்ரவரியில் லியோனில் ஜேர்மனியர் அவரைக் கைது செய்தனர். விசாரணை, சிறை, பின்னர் டாக்காவ் வதைமுகாம். 1945 ஜனவரி 25 அன்று அங்கே இறந்தார். முகாம் விடுதலையாக இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன.

அவர் தொடக்கிய திணைக்களத்தின் வழிவந்ததே 1946இல் உருவான இன்சே. புதிதாய் வந்துசேரும் எம்மவருக்கு அதன் சார்பில் இலக்கத்தை வழங்குவது ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனம்.