பாட்டும் கஞ்சித் தொட்டியும்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை

லயத்துக்கு லயம் திறமைசாலிகள் இருக்கிறார்கள். ஒருவர் உறுமி அடித்தால் திருவிழாக் கூட்டம் அசையாது. ஒரு அக்கா கோலம் போட்டால் கண்ணெடுக்க முடியாது. ஆனால் இதெல்லாம் சோறு போடுமா என்று ஒரே வார்த்தையில் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். திறமைக்கேற்ற வேலை கிடைக்காவிட்டால் திறமையே வீண் என்று நினைக்கிறோம். அது சரியா? மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1826ஆம் ஆண்டு திருச்சிக்குப் பக்கத்தில் குளத்தூரில் பிறந்தவர் அவர். சிறு வயதிலிருந்தே தமிழில் பாட்டுக் கட்டும் வரம் இருந்தது. ஆனால் பாட்டை நம்பி அவர் பொழப்பைத் தேடவில்லை. கோர்ட்டு வேலைக்குப் போனார். மொழிபெயர்ப்பாளராக இருந்து 1857இல் முன்சீப் ஆனார். மாயூரத்தில் பல ஆண்டுகள் நியாயம் சொன்னதால் அந்த ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வேலை ஒரு பக்கம், திறமை ஒரு பக்கம் என்று அவர் பிரித்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் இங்கிலீஷில் இருந்தன. வழக்காடும் ஏழைக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இங்கிலீஷில் எழுதிய சம்பளச் சீட்டை முன்னால் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படிப் பார்த்தால் அந்த வேலையின் அருமை புரியும்.

நல்லொழுக்கத்தைச் சொல்ல 1859இல் நீதிநூல் எழுதினார். பெண்கள் படிக்க வேண்டும் என்று 1869இல் பெண்மதி மாலை பாடினார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் கீர்த்தனையில் விடவில்லை. தாமே அதிகாரியாக இருந்தவர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1879இல் வந்த அவருடைய பிரதாப முதலியார் சரித்திரம்தான் தமிழின் முதல் நாவல்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பிள்ளையவர்கள் தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அந்தத் துயரத்தைப் பாட்டாகவும் பாடி இறைவனிடம் முறையிட்டார். அவருடைய கொடையைப் பார்த்துத்தான் நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார்.

இதில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. மாயூரத்துக்கு நாகப்பட்டினம் ரொம்ப தூரமில்லை. பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி அங்கே கப்பலேறியவர்கள்தான் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி, கடலைக் கடந்து செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு நடந்தார்கள். அவர் கஞ்சி ஊற்றியதும் அப்படிப்பட்ட சனங்களுக்குத்தான்.

அவர் முன்சீப், நாம் கூலிக்காரர், நமக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். விடிகாலைப் பெரட்டுக்கு நின்று வெயிலில் வெந்து வருகிறவனுக்கு அலுப்பு அதிகம். அதனால்தான் வேலை நேரத்துக்கும் நியாயமான சம்பளத்துக்கும் சங்கம் போராடுகிறது. திறமை இருக்கிறதே, அதை வைத்துச் சந்தோஷப்படு என்று சம்பளத்தைக் குறைக்கிறவனை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆனால் கிடைத்த நேரத்தை வீணாக்கவும் கூடாது. எழுத்து நன்றாக வருகிறவர் பக்கத்து வீட்டுப் பாட்டியின் மனுவை எழுதட்டும். கணக்கில் கெட்டிக்காரர் நாலு பேர் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்லட்டும். பாடத் தெரிந்தவர் பிள்ளைகளுக்குத் தமிழைப் பாட்டாகவே சொல்லிக் கொடுக்கட்டும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கும் இதுதான்.

வேதநாயகம் பிள்ளை 1889இல் காலமானார். பாட்டு அவருக்குச் சோறு போடவில்லைதான். ஆனால் பசித்தவனுக்காகவும் படிக்காதவனுக்காகவும் அவர் அதைச் செலவழித்தார். நம் கையில் இருப்பதையும் அப்படியே செலவழிப்போம்.