எஃகு வேந்தர் ஆல்பிரீட் குருப்

ரூர்கேலா உருக்காலையை அறியாத பொறியியல் மாணவர் நம்மில் இரார். அதனை அமைப்பதற்காக 1953-ஆம் ஆண்டு நம் அரசு உடன்படிக்கை செய்துகொண்ட ஜெர்மன் நிறுவனங்கள் இரண்டு. அவற்றுள் ஒன்று குருப். அந்நிறுவனத்தின் உரிமையாளர் 1951-இல்தான் சிறையிலிருந்து வெளிவந்தவர் என்பதைப் பலர் அறியார்.

ஆல்பிரீட் குருப் 1907-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் எஸ்ஸன் நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பீரங்கி வார்த்துப் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் அது. ஆகன் நகரில் பொறியியல் பட்டம் பெற்றார். 1936 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். கல்வியும் செல்வமும் புகழும் ஒருங்கே வாய்த்தன. ஆயினும் என்ன? ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்கு முன்பே, 1931-இலேயே, எஸ்.எஸ். படைக்கு நன்கொடை தரும் உறுப்பினரானார். 1943-இல் ஹிட்லர் தனியாணை பிறப்பித்து, நிறுவனம் முழுவதும் அவர் ஒருவரின் உடைமையாக வழிசெய்தார்.

ஜெர்மன் தொழிலாளர் போர்முனைக்குப் போயினர். ஆலைகளில் ஆள் பற்றவில்லை. வென்ற நாடுகளிலிருந்து மக்களை இழுத்து வந்தனர். குருப் ஆலைகளில் மட்டும் போர்க்கைதிகள் உட்பட ஏறத்தாழ 1,00,000 பேர் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். 1944-இல் ஹங்கேரி நாட்டு யூதப் பெண்கள் 520 பேர் எஸ்ஸனுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஆசுவிட்சு கொலைக்களத்தைக் கண்டு வந்தவர்கள் அவர்கள். குண்டுவீச்சில் கொட்டகை அழிந்தபின் நிலவறையில் கிடந்தனர். கந்தல் சுற்றிய காலோடு ஆலைக்கு நடந்தனர். அவர்களுக்காக நிறுவனம் தந்த நாட்கூலி எஸ்.எஸ். படைக்குச் சென்றது, உழைத்தவர் கையில் ஒரு காசும் சேரவில்லை.

1945 ஏப்ரலில் அமெரிக்கர் குருப்பைக் கைது செய்தனர். நூரம்பர்க்கில் அவரோடு விசாரிக்கப்பட்டோர் மேலும் பதினொருவர். அரசின் ஆணையை மீற முடியவில்லை என்பதே அவர்கள் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிறுவனமே முன்வந்து அடிமை உழைப்பைத் தேடிப் பெற்றது என்று கண்டது. 1948-இல் குருப்புக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறை; சொத்து முழுவதும் பறிமுதல்.

ஆனால் உலக அரசியல் திசைமாறிற்று. சோவியத் நாட்டுக்கு எதிராக மேற்கு ஜெர்மனியின் துணை அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. 1951-இல் அமெரிக்க ஆணையர் மெக்லாய் அவரை விடுவித்தார்; பறிமுதலையும் நீக்கினார். ஆலைகள் மீண்டும் அவர் கைக்கு வந்தன. விரைவில் ஐரோப்பாவின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார்.

உழைத்தவர் கணக்கு என்னவாயிற்று? 1959-இல், சட்டப்படி தமக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொண்டே, முகாம்களிலிருந்து பிழைத்த யூதத் தொழிலாளருக்கு மட்டும் ஒரு தொகை தர இசைந்தார். விண்ணப்பித்தோர் எதிர்பார்த்ததைவிட மிகுதி. தலைக்குக் கிடைத்த பங்கு குறைந்தது. மற்றவர்க்கு அதுவும் இல்லை. 1967 ஜூலை 30-இல் குருப் மறைந்தார். மகன் உரிமையைத் துறந்ததால் சொத்து அறக்கட்டளைக்குச் சென்றது. ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து கட்டாயத் தொழிலாளர்க்கென நிதி அமைத்தது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்குள் அவர்களுள் பெரும்பாலோர் மண்ணோடு மண்ணாகிவிட்டனர்.

நண்பர்களே! முதலாளியின் சொத்து திரும்ப ஐந்தாறு ஆண்டுகள் போதுமாயின. தொழிலாளியின் கூலி திரும்ப அரை நூற்றாண்டும் போதவில்லை. நாளை நம்முள் பலர் ஆலைகளில் பொறுப்பேற்போம். ஆள் வேண்டும் என்று எழுதும் தாளில் நாமும் கையொப்பமிடுவோம். அந்த ஆள் எங்கிருந்து, எவ்வாறு வருகிறான், அவன் கூலி யார் கைக்குப் போகிறது என்று கேட்கும் கடமையும் அக்கையொப்பத்தோடு சேர்ந்ததே. குருப்பும் நம்மைப் போல் பொறியியல் பயின்றவர்தாம். அந்தக் கேள்வியை மட்டும் அவர் கேட்கவில்லை.