மாசும் பண்பும் பகுத்த மேதை கே.எஸ். கிருஷ்ணன்

ஒரு மரக்கால் அரிசியில் ஒரேயொரு கல் கிடந்தாலும் அது பல்லில்தான் அகப்படும் என்பதைத் தஞ்சைத் தரணியில் வாழும் நாம் நன்கறிவோம். கதிரொளியை மின்னாக்கும் சிலிக்கான் படிகத்தை வளர்ப்போர் படும் பாடும் இத்தகையதே. 1414 பாகை செல்சியசில் உருகும் அக்குழம்பில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைந்த இரும்பு கலந்தாலும் மின்கலத்தின் திறன் குன்றும். ஆயின், அளவறிந்து சேர்க்கும் போரானோ அதே படிகத்திற்கு உயிரூட்டுகிறது. எது மாசு, எது பண்பு? இவ்வினாவோடு இளமையிலேயே போராடிய தமிழர் ஒருவர் உண்டு.

1898 டிசம்பர் 4இல் வத்திராயிருப்பில் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, 1920இல் கல்கத்தா சென்றார். 1923இல் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அவ்வாண்டிலேயே கே.ஆர். இராமநாதன் தூய நீரில் சிதறிய ஒளியோடு, நிறம் மாறிய மெல்லொளி ஒன்றையும் கண்டிருந்தார். நீரிற் கலந்த அழுக்கின் ஒளிர்வே அஃது என ஐயுற்றனர். கிருஷ்ணன் 65 நீர்மங்களை ஆய்ந்தார். மூடிய கண்ணாடிக் குமிழ்களில், வெற்றிடத்தில், மெல்ல மெல்ல மீண்டும் மீண்டும் வாலைவடித்தார். பொறுமைக்கு இதனினும் சான்று வேண்டுமோ! மாசின் விளைவாயின் தூய்மை கூடக்கூட அவ்வொளி மங்குதல் வேண்டும், அது மங்கவேயில்லை. சாதாரண ஒளிர்வுக்கு இல்லாத முனைவாக்கமும் அதற்கிருந்தது. அழுக்கெனக் கருதியது மூலக்கூறுகளின் இயல்பே என்பது 1928 பெப்ருவரியில் தெளிவாயிற்று. நேச்சர் இதழில் வெளியான முதற் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. கிருஷ்ணனுக்குரிய பங்கை நம் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுதல் முறையன்று என்பது என் கருத்து.

பின்னர் டாக்கா சென்ற அவர், படிகங்களை நுண்ணிய இழையில் தொங்கவிட்டு, திசைக்குத் திசை வேறுபடும் அவற்றின் காந்தப் பண்பை அளந்தார். 1940இல் இலண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1947 முதல் தில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக விளங்கினார். அங்கே ஐம்பதுகளில் கதிரொளியாற் சமைக்கும் அடுப்பொன்று உருவாயிற்று. ஏனோ, நம் அடுக்களைகள் அதனை ஏற்கவில்லை. பட்நாகர் விருதை 1958இல் முதன்முதற் பெற்றவரும் அவரே. 1961 ஜூன் 14இல், பொறுப்பில் இருந்தபோதே, மறைந்தார்.