எலும்பு திருடிய டாக்டர்

நம் உடம்பில் எத்தனை எலும்பு என்று கேட்டால் 206 என்று டக்கென்று சொல்லிவிடுவோம். ஆனால் மனுஷனுடைய எலும்பை மனுஷனிடமே பார்த்துத்தான் எழுதணும் என்று பிடிவாதம் பிடித்த ஒருவரை நமக்குத் தெரியாது. அவர் பெயர் ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ்.

இவர் 1514 டிசம்பர் 31-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார். அப்பா, சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸுக்கு மருந்து தயாரித்துக் கொடுத்தவர். வெசாலியஸ் டாக்டருக்குப் படிக்கப் பாரீஸ் போனார். அந்தக் காலத்து வகுப்பு எப்படி என்றால், ஆசிரியர் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து கேலன் என்பவருடைய நூலை வாசிப்பார். கீழே முடி திருத்துபவர் பிணத்தை அறுப்பார். கேலன் ரோமில் வாழ்ந்த பெரிய மருத்துவர், ஆனால் அவருக்கும் இவருக்கும் 1300 வருஷத்துக்கு மேல் இடைவெளி! அதோடு அங்கே மனித உடலை அறுக்க அனுமதி இல்லாததால், கேலன் குரங்கு, பன்றி இவற்றை அறுத்துப் பார்த்துத்தான் நிறைய எழுதியிருந்தார்.

வெசாலியஸுக்கு இது போதவில்லை. பாரீஸ் இடுகாட்டில் குவிந்து கிடந்த எலும்புகளை எடுத்துப் பார்ப்பாராம். கண்ணைக் கட்டிக்கொண்டு, தொட்டுப் பார்த்தே இது என்ன எலும்பு என்று சொல்லி நண்பர்களிடம் பந்தயம் கட்டுவாராம்.

1536-ல் போர் வந்ததால் லூவன் நகருக்குத் திரும்பினார். ஊருக்கு வெளியே தூக்கு மரத்தில் ஒரு குற்றவாளியின் உடல். சதையையெல்லாம் பறவைகள் தின்றுவிட்டதால் எலும்புக்கூடு மட்டும் தொங்கியது. நண்பர் உதவியோடு மேலே ஏறி கால், கை எலும்புகளைக் கழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டு போனார். மார்புப் பகுதியைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. அதற்காக ராத்திரி கோட்டை வாசல் பூட்டியபிறகும் வெளியிலேயே தங்கிவிட்டார். படிக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எலும்புகளை வேகவைத்துச் சுத்தம் செய்து கோத்தார். கேட்டவர்களிடம் பாரீஸில் இருந்து கொண்டுவந்தேன் என்று பொய் சொன்னார். செத்தவனும் ஒரு மனுஷன்தானே, அவனைச் சேர்ந்தவர்களை யாரும் கேட்கவே இல்லையே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வேற வழியும் அவருக்கு இருக்கவில்லை.

1537-ல் இத்தாலியில் பாதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் ஆனார். வயது 22! நாற்காலியை விட்டு இறங்கித் தன் கையாலேயே அறுத்துக் காட்டினார். 1540-ல் பொலோனா நகரில் குரங்கு எலும்புக்கூட்டையும் மனித எலும்புக்கூட்டையும் வைத்து, கேலன் எழுதியது குரங்குக்குத்தான் பொருந்துகிறது என்று எல்லோர் முன்னாலும் காட்டினார்.

உங்கள் தாடையை இப்போதே தொட்டுப் பாருங்கள். கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று கேலன் சொல்லியிருந்தார். வெசாலியஸ் எத்தனையோ மண்டை ஓடுகளைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் என்றார். நடு மார்பெலும்பில் ஏழு பாகம் என்றதையும் மூன்று என்று திருத்தினார். ஆண்களுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்று அப்போது பலர் நம்பினார்கள். இல்லை, ஆணுக்கும் பெண்ணுக்கும் 12 ஜோடிதான் என்று எழுதினார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது!

இதையெல்லாம் சேர்த்து 1543-ல் பாசல் நகரில் பெரிய புத்தகம் போட்டார். படம் அச்சிடும் மரக்கட்டைகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கொண்டு போனார்கள். ஏழு பகுதியில் முதல் பகுதி முழுக்க எலும்புதான். ஏனென்றால் வீட்டுக்கு உத்தரம், கூடாரத்துக்குக் கழி மாதிரி உடம்பைத் தாங்குவது அதுதானே. மண்டை ஓடு மூளைக்குச் சுவர். அதில் ஒரு எலும்புக்கூடு மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து நிற்கும், வேலை செய்து களைத்த ஆள் மாதிரியே!

பாரீஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸே பயங்கரமாகத் திட்டினார். கேலன் தப்பு இல்லையாம், மனித உடம்புதான் அதற்கப்புறம் மாறிவிட்டதாம். வெசாலியஸ் வெறுத்துப்போய்த் தன் எழுத்துகள் பலவற்றை எரித்துவிட்டு, அரண்மனை வைத்தியராகப் போய்விட்டார். பிறகு 1564-ல் ஜெருசலேம் போய்த் திரும்பும் வழியில் கிரீஸில் ஜாகிந்தோஸ் தீவில் இறந்தார். வயது 49.

1543-ல் பாசலில் அவர் கோத்து வைத்த ஒரு எலும்புக்கூடு அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இன்னும் நிற்கிறது. அதுவும் தண்டனை பெற்ற ஒரு குற்றவாளியுடையதுதான். அந்த ஆளின் பெயர் யாகோப் கார்ரெர்.