பாரிஸ் நகரைப் பெட்டியில் வைத்தவர்!

குழந்தைகளே! அப்பாவின் செல்போனை வாங்கி உங்கள் பள்ளிக் கட்டடத்தைப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மொட்டை மாடி வரை தெரிய வேண்டுமே என்று போனைக் கொஞ்சம் மேலே சாய்த்துப் பிடித்திருப்பீர்கள். படத்தைப் பார்த்தால் கட்டடம் அப்படியே பின்பக்கம் சாய்ந்து விழுவது போல இருந்திருக்கும். இல்லையா?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரத்தில், இந்தத் தொல்லையோடு தினமும் மல்லுக்கட்டிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் யூஜீன் அட்ஜே.

போர்டோ நகருக்கு அருகில் உள்ள லிபோர்ன் என்ற ஊரில் 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி அட்ஜே பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவையும் அம்மாவையும் இழந்துவிட்டார். பெரியவனானதும் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். ஆனால் அவருடைய ஆசையெல்லாம் நாடகத்தின் மேல்தான். 1878இல் பாரிஸுக்கு வந்து நாடகப் பள்ளியில் சேர முயன்றார். முதல் தடவை இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு கிடைத்தது. அப்போது பார்த்து ராணுவப் பணி குறுக்கே வந்தது. இரண்டையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல் போனதால், 1881இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேடங்களில் நடித்தார். தொண்டையில் நோய் வந்து அதுவும் நின்றுபோனது. ஓவியம் வரைந்து பார்த்தார். சரியாக வரவில்லை. எதைத் தொட்டாலும் தோல்வி! கடைசியாக, முப்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு கேமராவைக் கையில் எடுத்தார்.

வீட்டு வாசலில் ஒரு பலகையை மாட்டினார். ஓவியர்களுக்குத் தேவையான படங்கள் இங்கே கிடைக்கும் என்பது அதன் பொருள். ஓவியர்கள், நாடகத்துக்குத் திரை வரைபவர்கள், இரும்புக் கிராதி செய்பவர்கள் எல்லாம் அவருடைய வாடிக்கையாளர்கள். மரம் வேண்டுமா, பழைய கதவு வேண்டுமா, மாடிப்படியின் கைப்பிடி வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் படம் இருந்தது.

அந்த நாளில் பாரிஸ் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1853 முதலே பழைய சந்துகளையும் வீடுகளையும் இடித்துவிட்டு அகலமான சாலைகளைப் போட்டு வந்தார்கள். மிச்சம் இருந்த பழைய வீடுகளுக்கும் எப்போது கடப்பாரை வருமோ என்ற நிலை. இடிப்பதை நிறுத்த அட்ஜேயால் முடியாது. இடிப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடலாம் அல்லவா? தம்முடைய நாற்பதாவது வயதையொட்டி இந்த வேலையில் இறங்கினார். அதன் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் ஓயவே இல்லை.

அவருடைய கேமரா நம் செல்போன் மாதிரி சட்டைப் பையில் அடங்குவது இல்லை. பெரிய மரப்பெட்டி, ஆர்மோனியத்தின் துருத்தி போல நடுவில் மடிப்பு மடிப்பாக விரியும். பிலிமுக்குப் பதில் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றும் 24 சென்டிமீட்டர் நீளம், 18 சென்டிமீட்டர் அகலம். பெட்டி, தகடுகள், மூன்று கால் ஸ்டாண்ட் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 கிலோ! உங்கள் புத்தகப் பையே கனக்கிறது என்று நினைப்பவர்கள், அந்தக் கிழவரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிவிடுவார். தெருவில் கூட்டம் இருக்காது. வெயில் சாய்வாக விழுவதால் கல்லின் ஒவ்வொரு குழியும் செதுக்கலும் துலக்கமாகத் தெரியும். அந்தத் தகட்டில் படம் பதியச் சில வினாடிகள் ஆகும். அதற்குள் யாராவது நடந்துபோனால் அவர் படத்தில் விழவே மாட்டார். நின்று பார்த்துவிட்டு நகர்ந்தால் புகை மாதிரி பாதி விழுவார். அட்ஜேயின் படங்களில் இப்படிப் புகை மனிதர்கள் ஆங்காங்கே உண்டு. தேடிக் கண்டுபிடிப்பது வேடிக்கையாக இருக்கும்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கேமராவின் பின்புறம் பார்த்தால், தெரு தலைகீழாகத் தெரியும். சங்கடம்தான். ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. தலைகீழாகப் பார்க்கும்போது இது வீடு, அது கடை என்பதெல்லாம் மறந்துபோகும். எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது என்பதுதான் கண்ணில் படும். நம்பிக்கை இல்லையா? நீங்கள் எடுத்த படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்.

நிறமில்லாத படத்தில் சிவப்புச் செங்கலும் பச்சை இலையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாம்பலாகத் தெரியக்கூடும். எதை எதிலிருந்து பிரித்துக் காட்டுவது? வெளிச்சத்தை வைத்துத்தான். 1925ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு காலை, பாந்தியான் என்ற பெரிய கட்டடத்தை அவர் படம் எடுத்தார். அதற்கு நேர் எதிரே போய் நிற்கவில்லை. பக்கத்துத் தெருவான வாலெட் தெருவின் முனையில் நின்றார். அருகில் இருக்கும் வீட்டுச் சுவர் கருமையாக விழுந்தது. தூரத்தில் பாந்தியானின் குவிமாடம் மூடுபனியில் கரைந்து வெளுப்பாக விழுந்தது. இருட்டான சுவர் பக்கத்தில் இருப்பதால்தான் குவிமாடம் அவ்வளவு தூரமாகவும் பெரிதாகவும் தெரிகிறது. அவர் எடுத்த கட்டடப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, சாய்ந்து விழும் கட்டடத்துக்கு என்ன செய்தார்? பாரிஸின் சந்துகள் குறுகலானவை. பின்னால் நகர்ந்து போகவும் இடம் இருக்காது. அதனால் கேமராவைச் சாய்க்காமல் நேராக நிறுத்தி, முன்பக்கம் இருக்கும் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவார். சுவர்கள் நிமிர்ந்து நிற்கும், உச்சியும் கிடைத்துவிடும். ஒரே ஒரு குறை. லென்ஸ் தரும் படம் வட்டமானது, கண்ணாடித் தகடோ செவ்வகம். லென்ஸை நகர்த்தியதும் தகட்டின் மேல் மூலைகளுக்கு வெளிச்சம் எட்டாது. அதனால் அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைந்து கறுத்திருக்கும். அட்ஜே அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூலை போனால் போகட்டும், கட்டடம் நேராக நிற்க வேண்டும்!

முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில், வெயிலில் வைத்துத்தான் படங்களை அச்சிடுவார். அருங்காட்சியகங்களும் நூலகங்களும் வாங்கின. ஆனாலும் கையில் பெரிதாகப் பணம் சேரவில்லை. முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே, 1914இல், மனைவி வாலண்டைனின் மகன் போர்முனையில் இறந்துபோனார். குண்டுவீச்சுக்குப் பயந்து கண்ணாடித் தகடுகளை நிலவறையில் இறக்கி வைத்தார் அட்ஜே. வயதும் ஆகிவிட்டது. தமக்குப் பிறகு இவற்றை யார் காப்பாற்றுவார்கள் என்ற கவலை அவரை அரித்தது. 1920இல் தாமே அரசுக்கு எழுதி, 2,621 தகடுகளை 10,000 பிராங்குக்கு விற்றார்.

அதே தெருவில் குடியிருந்த மேன் ரே என்ற கலைஞர், 1926இல் அட்ஜேயின் படங்கள் சிலவற்றை ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். தம் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அட்ஜே. மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபாட் என்ற இளம் அமெரிக்கப் பெண்ணுக்கு அந்தப் படங்களைப் பார்த்தது முதல் வேறு எதுவும் ஓடவில்லை. அடிக்கடி மாடியேறிப் போய் கிழவரைப் பார்ப்பார். கையில் காசு இருக்கும்போது படம் வாங்குவார்.

1926இல் வாலண்டைனும் இறந்துபோக, அட்ஜே தனியரானார். 1927இல் பெரனிஸ் தம்முடைய ஸ்டூடியோவுக்கு அவரை அழைத்து உட்கார வைத்துப் படம் எடுத்தார். வழக்கமான ஒட்டுப்போட்ட உடையில் வருவார் என்று எதிர்பார்த்திருந்தார். அவரோ நல்ல மேல்கோட்டு அணிந்து வந்து நின்றார்! பெரனிஸுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். படங்களை அச்சிட்டுக் கிழவரிடம் காட்ட எடுத்துப் போனார். அட்ஜே இல்லை. ஆகஸ்ட் 4ஆம் தேதி அவர் இறந்துவிட்டிருந்தார்.

மிச்சத் தகடுகளும் படங்களும் என்ன ஆகும்? பெரனிஸ் விசாரித்துக்கொண்டே போனார். அட்ஜேயின் நாடகக் கால நண்பர் ஆந்த்ரே கால்மெத் என்பவரிடம் அவை இருந்தன. பணம் புரட்டி, 1928இல் அவற்றை வாங்கினார். பெட்டி பெட்டியாக அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். 1929இல் நியூயார்க்கில் இறங்கியபோது, அங்கேயும் பழைய வீடுகள் இடிபட்டு வானளாவிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பெரனிஸும் ஒரு பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். கிழவரின் பெட்டிகளை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காத்து வைத்திருந்துவிட்டு, 1968இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தார்.